ஹேங் ஆன் ஃபில்டருக்கு நானே தைத்த பஞ்சுப் பை கூழாகிவிட்டது. எதை வைப்பது?

நீலக்கப்பி எழுதியது:

வணக்கம். என்னுடையது 60 லிட்டர் மீன்தொட்டி. ஒன்பது கப்பி, ஆறு நியான் டெட்ரா, எண்ணிக்கையில் அடங்காத நத்தைகள். பின்விளிம்பில் தொங்கும் ஹேங் ஆன் ஃபில்டர் நான்கு வருடமாக ஓடுகிறது. மோட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குரிய கார்ட்ரிட்ஜ் இப்போது வருவதே இல்லை. வேறு அளவில் கிடைப்பவை என் ஃபில்டரின் பள்ளத்தில் உட்கார மறுக்கின்றன.

கடைசிக் கார்ட்ரிட்ஜின் ஆயுள் முடிந்ததும், உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று கத்தரித்துப் பார்த்தேன். சீப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் மெல்லிய வெள்ளை உறை, உறைக்குள் இரண்டு ஸ்பூன் கறுப்புக் குருணை, அதாவது கார்பன். அவ்வளவுதான்! இதற்கா மாதாமாதம் அலைந்தேன் என்று எரிச்சலே வந்துவிட்டது. எனக்குத் தையல் நன்றாக வரும். பழைய பருத்தித் துணியில் அதே அளவுக்கு ஒரு பை தைத்தேன். காயத்துக்கு வைக்கும் பஞ்சுச் சுருள் ஒன்றைப் பிரித்து உள்ளே அடைத்தேன், சட்டத்தைச் செருகினேன், வாயை மூடித் தைத்தேன். கத்தரித்த பழைய உறை குப்பைக்குப் போயிற்று. கையோடு கையாகத் தொட்டியின் அடிக்கற்களையும் அள்ளிக் குழாயடியில் பளிச்சென்று கழுவிப் போட்டேன்.

முதல் வாரம் தண்ணீர் கண்ணாடி. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலையில் ஒரு வாடை. தண்ணீர் சோப்பு கரைத்ததுபோல் வெளுத்திருந்தது. ஃபில்டரின் உதட்டிலிருந்து விழ வேண்டிய தண்ணீர், உறிஞ்சுகுழாய்ப் பக்கமாகவே வழிந்து தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பையை எடுத்தால் கையில் வழுக்குகிறது. பிழிந்தால் பஞ்சு கூழாகி விரலிடுக்கில் பிதுங்குகிறது. கப்பிகள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்று இறந்துவிட்டது.

பாதித் தண்ணீர் மாற்றினேன். சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால் அமோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்), பிஹெச் 7.6. இப்போது ஃபில்டர் வெறும் பெட்டியாக ஓடுகிறது. அதற்குள் எதை வைப்பது? கார்பன் கட்டாயமா? அப்படியென்றால் அடுப்புக்கரியை உடைத்துப் போடலாமா?

---

தொட்டி நம்பர் 7 எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை அளவாக வெட்டிச் செருகுங்கள். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

---

பழைய மோட்டார் எழுதியது:

முதலில் மீன்களைக் கவனிப்போம், தையல் அப்புறம். இரண்டு நாளைக்கு இரை போடாதீர்கள். வளர்ந்த மீனுக்கு அது ஒன்றும் செய்யாது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கியதாக, தொட்டியின் அதே சூட்டில். காற்று மோட்டார் இருந்தால் குமிழி விடுங்கள். அமோனியாவைத் தினமும் அளந்து குறித்து வையுங்கள். பிஹெச் கூடக்கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். 25 டிகிரி சூட்டில் பிஹெச் 7 இருந்தால், உங்கள் சோதனை காட்டும் மொத்த அமோனியாவில் உண்மையான நஞ்சு வடிவம் ஒரு சதவீதம்கூட இராது. பிஹெச் 8 ஆனால் அதுவே ஐந்து சதவீதத்துக்கு மேல். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். பாதிப் பழி நம் மொழிமேல். பருத்தியும் நமக்குப் பஞ்சு, இலவமும் பஞ்சு, தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் இழையும் பஞ்சு, ஸ்பாஞ்சும் பஞ்சு. “ஃபில்டரில் பஞ்சு வை” என்று மீன் வளர்ப்பவர்கள் சொன்னால் அது பாலியஸ்டர். அதைத் தண்ணீரில் எத்தனை மாதம் போட்டாலும் மக்காது. நீங்கள் வைத்தது சுத்தமான பருத்தி, அதாவது செல்லுலோஸ். பாக்டீரியாவுக்கு அது இரை. நனைந்ததும் படிந்து அடையாகிவிடும், தண்ணீரும் ஊடே போகாது. மேலே பருத்தித் துணி வேறு போர்த்திவிட்டீர்கள். வழி அடைபட்டதால்தான் தண்ணீர் பின்பக்கமாக வழிந்தது.

சிரிக்க மாட்டேன், ஏனென்றால் ஆரம்பத்தில் நான் இலவம்பஞ்சு வைத்தவன். அதன் இழையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, லேசில் நனையாது. அமுக்கி அமுக்கி விட்டேன், மிதந்துகொண்டே இருந்தது. ஊறி இறங்கும் இறங்கும் என்று இரண்டு நாள் ஃபில்டர் அருகில் உட்கார்ந்திருந்தேன். இலவு காத்த கிளி என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

ஆனால் உங்கள் மீனைக் கொன்றது பஞ்சு மட்டுமில்லை. பழைய உறையைக் குப்பையில் போட்டீர்கள் பாருங்கள், தொட்டியின் உயிரே அதில்தான் இருந்தது. அதில் பழுப்பாக ஒட்டியிருந்தது வெறும் அழுக்கில்லை, அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும்தான். அவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழும். மிச்சம் மீதி இருந்தவை அடிக்கற்களில் இருந்தன. அவற்றையும் அன்றே குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டீர்கள், குளோரின் பார்த்துக்கொண்டது. தண்ணீரை வெளுக்க வைக்கும் சாதாரண பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவையோ அரைநாள், ஒருநாள் எடுக்கும். அதனால்தான் புதுத் தொட்டி பழக நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. உங்கள் தொட்டி இப்போது புதுத் தொட்டிதான்.

இப்போது ஃபில்டருக்கு வருகிறேன். சட்டத்தைத் தூக்கிப் போடவில்லையே? நல்லது. அது பள்ளத்தில் சரியாக உட்காரும் அளவு, அதை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே பை செய்து மாட்டாதீர்கள், இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். ஒன்று எப்போதும் இருப்பது, இன்னொன்று அவ்வப்போது தூக்கிப் போடுவது. கடைக் கார்ட்ரிட்ஜின் குறையே இரண்டையும் ஒன்றாகத் தைத்து வைத்திருப்பதுதான். அழுக்கை எறியப் போனால் பாக்டீரியாவும் சேர்ந்து போகும்.

எப்போதும் இருப்பது ஸ்பாஞ்ச். பெரிய கண் உள்ளதாகப் பாருங்கள். மீன்தொட்டிக்கென்றே தாளாக விற்பதில் ஓர் அங்குலத்துக்கு இத்தனை துளை என்று எண் போட்டிருப்பார்கள், 20 முதல் 30 வரை இருந்தால் போதும். எண் தெரியாவிட்டால் காய்ந்த ஸ்பாஞ்சை வாயில் வைத்து ஊதுங்கள். சிரமமில்லாமல் மூச்சு மறுபுறம் வந்தால் தண்ணீரும் வரும். மெத்தைக்கு வைக்கும் அடர்ந்த ஃபோம் வேண்டாம், ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

வெட்டுவதில் ஒரு தந்திரம். கத்தரிக்கோல் போட்டால் ஸ்பாஞ்ச் அமுங்கி, விளிம்பு வளைந்துவிடும். நனைத்து, லேசாகப் பிழிந்து, பலகைமேல் தட்டையாக வைத்து ஃப்ரீஸரில் இறுகவிடுங்கள். அப்புறம் பல் வைத்த கத்தியால் ரம்பம் மாதிரி அறுங்கள், மரம் அறுப்பதுபோல் நேராக வரும். அகலம் பள்ளத்தைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும், ஓரத்தில் இடுக்கு விழாமல் தானே கவ்விக்கொள்ளும். தண்ணீர் சோம்பேறி. விரல் நுழையாத இடுக்கு கிடைத்தாலும் ஸ்பாஞ்சை விட்டுவிட்டு அதன் வழியாகத்தான் போகும். உயரம் மட்டும் பழைய கார்ட்ரிட்ஜைத் தாண்டக் கூடாது. அடைத்துக்கொள்ளும் நாளில் தண்ணீர் மேலாக வழிந்து முன்பக்கமே விழ அந்த இடைவெளி வேண்டும்.

ஸ்பாஞ்சுக்கு அடுத்து, தண்ணீர் வெளியேறும் பக்கமாகப் பாலியஸ்டர் இழை. முதலில் பெரிய அழுக்கு ஸ்பாஞ்சில் நிற்கட்டும், பொடி பின்னால் இழையில் நிற்கும். வரிசை மாறினால் இழை இரண்டே நாளில் கெட்டியாகிவிடும். தலையணை இழையே போதும், ஆனால் பொட்டலத்தில் தீ பிடிக்காத பூச்சு, கிருமி எதிர்ப்பு, வாசனை என்று எது எழுதியிருந்தாலும் வேண்டாம். எழுதாததையும் ஒரு கைப்பிடி வெள்ளை வாளியில் ஊறவைத்து மறுநாள் கலக்கிப் பாருங்கள். நுரையோ வாடையோ வந்தால் தலையணைக்கே போகட்டும். தீத்தடுப்புப் பூச்சு இந்தச் சோதனையில் சிக்காது. சந்தேகம் இருந்தால் மீன்தொட்டிக்கென்று விற்கும் இழைத் தாளையே வாங்குங்கள்.

உங்களுக்குத் தையல் தெரியும் என்பதால் ஒரு யோசனை. எம்பிராய்டரிக்கு வரும் பிளாஸ்டிக் கேன்வாஸ் இருக்கிறதல்லவா, கட்டம் கட்டமாக? அதில் இரண்டு துண்டைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, மூன்று பக்கம் மட்டும் மீன்பிடி நைலான் நரம்பால் தைத்துவிடுங்கள். மேல்வாய் திறந்திருக்கட்டும். இழையை அதில் தளர்வாகப் போடுங்கள், திணிக்க வேண்டாம். வாரம் ஒருமுறை இழையை மட்டும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டால் முடிந்தது. ஸ்டேப்ளர் பின், செம்புக் கம்பி எதுவும் வேண்டாம். பின் துருப்பிடிக்கும். செம்பு உங்கள் நத்தைகளை ஒன்றுவிடாமல் கொன்றுவிடும்.

ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே வாளியில் மூன்று நான்கு தடவை பிழியுங்கள். வாளி கலங்கலாகும், ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும். அதோடு விட்டுவிடுங்கள். கை பரபரக்கும், தெரியும். வருடக்கணக்கில் உழைத்து அது தளர்ந்துபோனால் பாதியை வெட்டி மாற்றுங்கள், மறு பாதிக்கு ஒரு மாதம் கழித்து.

கார்பன் கட்டாயமில்லை. என் தொட்டியில் வருடத்தில் பதினொரு மாதம் கிடையாது. மருந்து போட்டு முடித்தபின் மிச்சத்தை இழுக்க, மரத்துண்டு விடும் பழுப்பு நிறத்தை எடுக்க, வாடைக்கு, இவ்வளவுக்குத்தான் அது. அமோனியாவை அது எடுக்காது. ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பனைப் பிரித்து விரித்தால் ஐந்நூறு சதுர மீட்டருக்குமேல் உட்பரப்பு இருக்கும். அந்த நுண்துளைகளை உண்டாக்கத்தான் ஆலையில் மிகுந்த சூட்டில் நீராவியைச் செலுத்துகிறார்கள். அடுப்புக்கரியில் அந்தத் துளை இல்லை. சாம்பல் ஒட்டியிருந்தால் பிஹெச்சையும் ஏற்றிவிடும், கட்டியாக வார்த்த கரியில் பிசின் வேறு சேர்ந்திருக்கும். தேவைப்படும் நாளில் உண்மையான கார்பனைக் கறுப்புச் சாயம் போகும்வரை அலசி, நைலான் காலுறைத் துண்டில் முடிந்து ஸ்பாஞ்சுக்குப் பின்னால் போடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் எடுத்துவிடலாம். மருந்து கொடுக்கும் நாட்களில் அது உள்ளே இருந்தால் மருந்தையே குடித்துவிடும்.

தொட்டி நம்பர் 7 தம்பிக்கு: பாத்திர ஸ்பாஞ்சில் பலவற்றுக்குக் கிருமி எதிர்ப்பு ஏற்றியே வருகிறது. உங்களுடையது தப்பிப் பிறந்ததாக இருக்கலாம். அடுத்த பொட்டலமும் அப்படியே இருக்கும் என்று எப்படிச் சொல்வது?

எல்லாருக்கும்: கையை உள்ளே விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒருமுறை ஷாக் வாங்கியவன் சொல்கிறேன்.

---

நத்தைப்பிரியன் எழுதியது:

பழைய மோட்டார் அண்ணன் பாக்டீரியாவின் பெயரைச் சொல்லாமல் நழுவிவிட்டார், நான் விட மாட்டேன். அமோனியாவைப் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாக்கும், அதுவும் மீனுக்கு நஞ்சு. பிறகு வேறு பாக்டீரியா அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். பழைய புத்தகங்களில் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று இருக்கும். 1998இல் வந்த ஓர் ஆய்வு, நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. பஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மனசு கேட்கவில்லை.

சம்பந்தமுள்ள ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவர் ஃபில்டரிலிருந்து உள்ளங்கை அளவு பழைய ஸ்பாஞ்ச் கேளுங்கள். அவர் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, வழியில் காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். பாதி நாட்களில் வேலை முடியும்.

இன்னொன்று. கப்பி வைத்திருக்கிறீர்கள், குட்டி போடும். உறிஞ்சுகுழாயின் வாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் தொப்பி போடுங்கள். உருளைத் துண்டில் நடுவே ஓட்டை போட்டு மாட்டினால் சரி. குட்டியும் உள்ளே போகாது, பாக்டீரியாவுக்கும் கூடுதல் இடம்.

---

தொட்டி நம்பர் 7 எழுதியது:

பொட்டலத்தை இப்போதுதான் தேடி எடுத்துப் படித்தேன். “கிருமிகளை எதிர்க்கும்” என்று பெரிதாகவே போட்டிருக்கிறது. இன்றைக்கே உருவி எறிந்துவிடுகிறேன்.

---

பழைய மோட்டார் எழுதியது:

எறியாதே தம்பி!! இவ்வளவு நேரம் எதற்காகத் தட்டினேன்? இரண்டு வருடம் ஓடியது, அதில் இருந்த மருந்து எப்போதோ கரைந்து போயிருக்கும், இப்போது முழுக்கப் பாக்டீரியா. புது ஸ்பாஞ்சைப் பக்கத்தில் வை. நான்கு வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். அப்புறம் எடு.

---

நீலக்கப்பி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சொன்னபடியே செய்தேன். நண்பர் ஒருவரிடம் பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தது, டப்பாவில் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் அமோனியா 0.25. மூன்றாம் வாரம் நைட்ரைட் தலைகாட்டியது, 0.5 வரை போனது, தண்ணீர் மாற்றியே சமாளித்தேன். இப்போது இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20. அதற்குமேல் ஒரு மீனும் சாகவில்லை.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. முதலில் வெட்டிய ஸ்பாஞ்ச் 3 சென்டிமீட்டர் தடிமன். மோட்டார் களகளவென்று சத்தம் போட்டது, தண்ணீர் மறுபடியும் பின்பக்கம் வழிந்தது. பனியில் இறுக வைத்து, நடுவே அறுத்து ஒன்றரை சென்டிமீட்டர் ஆக்கினேன், சத்தம் நின்றது. மிச்சத் துண்டு காற்று மோட்டாரோடு ஒரு மூலையில் ஓடுகிறது. கேன்வாஸ் உறை இரண்டு தைத்துவிட்டேன், ஒன்று மாற்று. தையல் எனக்குப் பிடித்த வேலை என்பதால் ஓரத்தில் நீல நரம்பால் சங்கிலித் தையலும் போட்டிருக்கிறேன். தண்ணீருக்கு அது தேவையில்லைதான்.

நேற்று இழை மாற்றுவதற்காக உறையை உருவினேன். ஃபில்டர் பெட்டிக்குள், ஸ்பாஞ்சுக்குப் பின்னால், கண்ணும் வாலுமாக ஏதோ அசைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஏழு கப்பிக் குட்டிகள். மோட்டார் விசிறியைத் தாண்டி எப்படி முழுசாக வந்தனவோ. ஸ்பாஞ்சில் படிந்ததைக் கொத்தித் தின்றே வளர்ந்திருக்கின்றன, வயிறு உப்பலாகத்தான் இருந்தது. ஸ்பூனால் ஒவ்வொன்றாக எடுத்துத் தனிப் பாத்திரத்தில் விட்டிருக்கிறேன்.

நத்தைப்பிரியன் சொன்ன தொப்பியை இன்றிரவு வெட்டப் போகிறேன். ஸ்பாஞ்ச் ஃப்ரீஸரில் இருக்கிறது.